ஆம்ஸ்டர்டாமில் ஐம்பது நாள் – சைக்கிளில்!

வெளிநாடு போய்த் திரும்பினால் அக்கம்பக்கத்தில் கேட்கிற முதல் கேள்வி, "என்ன வாங்கிட்டு வந்தீங்க?" என்பதுதான். அடுத்தது, "அங்கே சாப்பாட்டுக்கு என்ன செஞ்சீங்க?" இந்த இரண்டுக்கும் என்னிடம் சுவாரசியமான பதில் கிடையாது. சாக்லேட் வாங்கி வந்தேன். ரசம் சாதம் சாப்பிட்டேன். ஆனால் அந்த ஐம்பது நாளில் பார்த்த ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமாவது விஸ்தாரமாகச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது போலிருக்கிறது. அது சைக்கிள்.

"இதென்ன அதிசயம்? நம்ம ஊர்ல இல்லாத சைக்கிளா?" என்று என் ஓரகத்தி பாதியிலேயே எழுந்து போய்விட்டாள். நீங்கள் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கைக்கு ஆம்ஸ்டர்டாமில் வாசம். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே கம்ப்யூட்டர் உத்தியோகம். இரண்டாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கியது. அம்மா தவறிப்போய் நாலு வருஷம் ஆகிறது. மூத்தவள் என்ற முறையில் நான்தான் போக வேண்டியிருந்தது. 2024 மே மாத ஆரம்பத்தில், பிள்ளைப்பேற்று மருந்துப் பொடியும் பூண்டும் கட்டி எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன். டூலிப் தோட்டம் பார்த்தாயா என்று கேட்காதீர்கள். தோட்டம் மூடுகிற அந்த வாரத்தில்தான் குழந்தை பிறந்தது.

பிரசவம் ஆஸ்பத்திரியில். விடியற்காலையில் பெண் குழந்தை. அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்! எனக்குப் பகீரென்றது. ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள், கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நேரே குழந்தையிடம் போனார். 'க்ராம்ஸோர்க்' என்று அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். பிரசவம் ஆன வீட்டுக்கு ஏறக்குறைய எட்டு நாள், தினமும் சில மணி நேரம், பயிற்சி பெற்ற தாதி வந்து தாயையும் சேயையும் கவனித்துக்கொள்வார். காய்ச்சல் பார்ப்பது, பால் கொடுக்கச் சொல்லித் தருவது, குழந்தையின் எடை, எத்தனை தரம் ஈரம் செய்தது என்று நோட்டில் எழுதுவது எல்லாம் அவர் வேலை. மருத்துவச்சி தனியாக வந்து பார்த்துவிட்டுப் போவார். அவரும் சைக்கிளில்தான் வந்தார்! வண்டியின் முன் கூடையில் அவருடைய பை இருந்தது.

அந்த ஊர் வழக்கப்படி குழந்தை பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு ரஸ்க் மேல் வெண்ணெய் தடவி, சர்க்கரைப் பாகு பூசிய சோம்பைத் தூவிக் கொடுக்கிறார்கள். பெண் என்றால் ரோஸ், பையன் என்றால் நீலம். சோம்பு ஏன் என்று கேட்டேன். "பால் ஊறுமாம்க்கா" என்றாள் தங்கை. பாருங்கள், நம் பாட்டி சொன்னதைத்தான் அவர்கள் பாட்டியும் சொல்லியிருக்கிறாள்.

தங்கையின் மூத்த பையனுக்கு ஐந்து வயது. அங்கே நாலு வயதிலேயே பள்ளிக்கூடம். அவனை அவன் அப்பா சைக்கிளில் கொண்டு விடுவார். அதை நம் ஊர் சைக்கிள் மாதிரி நினைக்க வேண்டாம். முன்னால் மரப் பெட்டி ஒன்று தொட்டில் மாதிரி இருக்கும். 'பக்ஃபீட்ஸ்' என்கிறார்கள். அதில் இரண்டு மூன்று பிள்ளைகள், பை, காய்கறி, சமயத்தில் நாய்க்குட்டி கூட! நான் ஜன்னலோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பேன். எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் ஊர்வலம். டை கட்டின ஆபீசர், நிறைமாத கர்ப்பிணி, எண்பது வயதுக் கிழவி, ஒரு கையில் குடையோடு காலேஜ் பெண், முதுகில் பெரிய வாத்தியத்தைக் கட்டிக்கொண்டு ஒரு பையன். 2010 முதல் 2024 வரை அந்த நாட்டுக்குப் பிரதமராக இருந்த மார்க் ருட்டேவே ஆபீசுக்குச் சைக்கிளில் போனவர்தான். ஜனத்தொகை ஒரு கோடியே எண்பது லட்சத்தை ஒட்டி இருக்கிறது. சைக்கிள்களோ இரண்டு கோடியே முப்பது லட்சம் என்கிறார்கள்!

பத்தாம் நாள் தங்கை வீட்டுக்காரர், "மதினி, நீங்களும் ஓட்டலாமே. கீழே இவ சைக்கிள் சும்மாதானே நிக்குது?" என்றார்.

"எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு தம்பி. முழங்கால் வேற" என்றேன்.

"எதிர்வீட்டுப் பாட்டிக்கு எண்பது" என்றார் அவர்.

குரங்கு பெடல் காலத்து ஞாபகம்

எனக்கு சைக்கிள் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். நான் புதுக்கோட்டை ஜில்லாக்காரி. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதோடு, பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள், கல் குவாரியில் உடைக்கிறவர்கள், வயல் வேலைக்காரிகள், நர்சுகள், அங்கன்வாடிக்காரர்கள் என்று மைதானத்தில் இறங்கினார்கள். லேடீஸ் சைக்கிள் போதாமல் பார் வைத்த ஜென்ட்ஸ் வண்டியிலேயே பழகினவர்கள் ஏராளம். அப்படிப் பழகினவர்களில் என் அம்மாவும் ஒருத்தி. முப்பத்தஞ்சு வயது, கண்டாங்கிச் சேலை, அகலக் கரை. அம்மாவுக்கு ஒரு பக்கம் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது நான். அப்போது எனக்குப் பன்னிரண்டோ பதின்மூன்றோ வயது. நான் ஏற்கனவே வாடகைக் கடை அரை வண்டியில் குரங்கு பெடல் போட்டுப் பழகியிருந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆண்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ஒரு மாதம் கழித்து அம்மா இரண்டு குடம் தண்ணீரைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கல்யாணமாகி டவுனுக்கு வந்த பிறகு எனக்கு சைக்கிள் விட்டுப் போயிற்று. யாரும் தடுக்கவில்லை. தெரு தடுத்தது. எங்கள் தெருவில் இறங்கி இரண்டு திருப்பம் திரும்பினால் பஸ் ரோடு. லாரிக்கும் பஸ்சுக்கும் நடுவில் போகிற தைரியம் எனக்கு இல்லை.

இந்தக் கதையை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. என் மகள் பிளஸ் ஒன் சேர்ந்தபோது பள்ளியில் அரசாங்க சைக்கிள் கொடுத்தார்கள். அவள் அந்தப் பஸ் ரோட்டில்தான் தினமும் போய் வருகிறாள். சாயங்காலம் அவள் பெல் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு அடுப்படியில் கை ஓடாது. இப்படி எத்தனை தாய்மார் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, ஆம்ஸ்டர்டாமுக்கு வருகிறேன். தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் 'ஆம்ஸ்டர்டாம்ஸே போஸ்' என்று பெரிய காடு இருக்கிறது. இயற்கையான காடு இல்லை. 1930-களில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, வேலை இழந்த ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டு மண்வெட்டியால் வெட்டி, ஏரி தோண்டி, மரம் நட்டு உண்டாக்கியது. உள்ளே ஆட்டுப்பண்ணை கூட உண்டு. தலைக்கு மேல் விமானம் தாழப் பறக்கும். அங்கேதான் என் பாடம் ஆரம்பித்தது.

முதல் நாளே ஒரு கூத்து. அந்த ஊர் சைக்கிளில் பெரும்பாலும் கைப் பிரேக் கிடையாது. பெடலைப் பின்பக்கம் மிதித்தால் பிரேக். நமக்கோ இறக்கத்தில் பெடலைச் சும்மா பின்னால் சுற்றுகிற பழக்கம் ஆயிற்றே! வண்டி சடக்கென்று நின்றது. நான் ஒரு புதரில் சாய்ந்தேன். தங்கை மகன், "பெரியம்மா, பின்னாடி மிதிக்காதே!" என்று கை தட்டிச் சிரித்தான். மூன்று நாளில் கால் பழகிவிட்டது.

இன்னொரு விஷயம், நம் பெண்கள் கவனிக்க வேண்டியது. நாம் எல்லாரும் சீட்டைத் தாழ வைத்துக்கொண்டு, இரண்டு காலும் தரையில் பாவ உட்காருகிறோம். அப்படி ஓட்டினால் முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் அதிகமாக மடங்கி, வலி வருகிறது. பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும். சீட்டை அப்படி உயர்த்திக் கொடுத்தார் தங்கை வீட்டுக்காரர். இறங்கும்போது சீட்டை விட்டு முன்னால் இறங்கி நிற்க வேண்டும். இதைச் செய்த பிறகு, மாடிப்படி ஏறினால் குத்துகிற என் முழங்கால், சைக்கிளில் முனகவே இல்லை. ஹாண்டில்பார் உயரமாக நம் பக்கம் வளைந்திருப்பதால் முதுகு நிமிர்ந்து ராணி மாதிரி உட்காரலாம். இந்த மாதிரி வண்டிக்கு அங்கே 'ஓமாஃபீட்ஸ்' என்று பெயர், அதாவது பாட்டி சைக்கிள். செயினை முழுக்க மூடிய பெட்டி, பின் சக்கரத்தில் துணி சிக்காமல் இருக்க இருபக்கமும் மறைப்பு. ஒரு நாள் புடவையிலேயே ஓட்டிப் பார்த்தேன். கரை கூட அழுக்காகவில்லை. மூட்டுவலிக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பிரசவமானவர்கள் அவசரப்பட வேண்டாம். தங்கைக்கு ஆறு வாரப் பரிசோதனை முடியட்டும் என்று நான் கண்டிப்பாக இருந்தேன்.

ரோடு என்றால் ரோடு!

காட்டில் ஓட்டுவது வேறு, ஊருக்குள் போவது வேறு. ஆனால் அந்த ரோட்டைப் பார்த்த பிறகு பயம் பாதி போய்விட்டது. சைக்கிளுக்கென்று தனிப் பாதை, செங்கல் நிறத்தில். காருக்கும் அதற்கும் நடுவில் திட்டு, இல்லாவிட்டால் மரம். சிக்னலில் சைக்கிள் படம் போட்ட குட்டி விளக்கு தனி. தரையில் வெள்ளை முக்கோணங்கள் சுறாமீன் பல் மாதிரி வரிசையாகப் போட்டிருக்கும். அந்தப் பல் உங்களைப் பார்த்து இருந்தால் நீங்கள் நின்று வழி விட வேண்டும். அவர்களும் அதைச் 'சுறாப் பல்' என்றுதான் சொல்கிறார்கள். வலது பக்கமாக ஓட்ட வேண்டும் என்பது நமக்குக் கொஞ்சம் தடுமாற்றம். டிராம் தண்டவாளத்தை மட்டும் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஆளைக் கவிழ்த்துவிடும். இரவில் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு விளக்கு இல்லாவிட்டால் அபராதம். 2019 ஜூலையிலிருந்து சைக்கிளில் போய்க்கொண்டே கையில் செல்போன் பிடித்தாலும் அபராதம்தான்.

மோட்டார் வண்டி சைக்கிள் மேல் மோதினால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பு பெரும்பாலும் மோட்டார்க்காரர் தலையில் விழுகிறது. அடிபட்டது பதினாலு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் ஏறக்குறைய முழுப் பொறுப்பும் அவருடையதே. 'குழந்தைதான் குறுக்கே வந்தது' என்கிற பேச்சு அங்கே எடுபடாது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. குழந்தை தன் குட்டி சைக்கிளில் உள்பக்கமாகப் போகும். தாயோ தகப்பனோ ரோட்டுப் பக்கமாகத் தங்கள் சைக்கிளில் போவார்கள். எதிர்க்காற்று வந்தால், மேடு வந்தால், ஒரு கையை நீட்டிக் குழந்தையின் முதுகில் வைத்து மெல்லத் தள்ளிக்கொண்டே போவார்கள். இருபது நாள் கழித்து நான் தங்கை மகனுக்கு அப்படிச் செய்தேன். ஒற்றைக் கையில் ஹாண்டில்பார் பிடித்து ஓட்டுவது எனக்கு அறிவொளி மைதானத்திலேயே வந்த வித்தை! இந்தப் பிள்ளைகள் பதினோரு, பன்னிரண்டு வயதில் பள்ளியிலேயே போக்குவரத்துப் பரீட்சை எழுதுகிறார்கள். பிறகு உண்மையான தெருவில் சைக்கிள் ஓட்டிக் காட்டி அதற்கும் பாஸ் வாங்குகிறார்கள்.

"இவங்க பிறவியிலேயே இப்படி. நமக்கெல்லாம் வராது" என்று ஒரு நாள் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தோம் நானும் அவள் சிநேகிதியும். அதைக் கேட்டுவிட்டு எதிர்வீட்டுப் பாட்டி (அந்த எண்பது வயதுக்காரி) உட்காரச் சொல்லி, தங்கையை மொழிபெயர்க்க வைத்து ஒரு கதை சொன்னார். நான் போனதற்குப் பலன் அந்த ஒரு மணி நேரம்தான்.

யுத்தத்துக்குப் பிறகு அந்த நாட்டில் பணம் புரண்டது. வீட்டுக்கு வீடு கார். காருக்கு இடம் பண்ண வீடுகளை இடித்தார்கள். 1967-ல் ஜோக்கினென் என்ற அமெரிக்கப் போக்குவரத்து நிபுணர், ஆம்ஸ்டர்டாமின் கால்வாய் ஒன்றைத் தூர்த்துப் பெரிய மோட்டார் ரோடு போடலாம் என்று திட்டமே கொடுத்தார்! சைக்கிளில் போனவர்கள் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். 1971-ல் மட்டும் அந்தச் சின்ன நாட்டில் ரோட்டில் செத்தவர்கள் 3,000-க்கும் மேல். அதில் குழந்தைகள் 400-க்கும் மேல். அப்போது மொத்த ஜனத்தொகையே ஒரு கோடியே முப்பது லட்சம்தான்.

அந்த வருஷம் விக் லாங்கன்ஹோஃப் என்ற பத்திரிகைக்காரரின் ஆறு வயது மகள், சைக்கிளில் பள்ளிக்கூடம் போகையில் கார் மோதி இறந்துபோனாள். 1972-ல் அவர் தம் பத்திரிகையில் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே, 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்பதுதான். டச்சில் 'ஸ்டாப் டெ கிண்டர்மூர்த்'. அந்தப் பெயரிலேயே ஒரு இயக்கம் கிளம்பியது. அதன் முதல் தலைவி மார்ச்சே வான் புட்டன், அப்போது இளம் தாய். பின்னாளில் ஐரோப்பியப் பாராளுமன்றத்துக்கே உறுப்பினராகப் போனவர். தாய்மார்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, விபத்து நடக்கிற முனைகளில் போய் உட்கார்ந்தார்கள். தெருவை அடைத்து மேஜை போட்டு விருந்து சாப்பிட்டார்கள், பிள்ளைகள் நடுரோட்டில் விளையாடினார்கள். கையால் சுற்றுகிற பெரிய இசைப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு, சைக்கிளில் பிரதமர் டென் உய்ல் வீட்டு வாசலுக்கே போய்ப் பாட்டுப் பாடினார்கள்! அவரும் வந்து கேட்டார்.

எதிர்வீட்டுப் பாட்டி, "நானும் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றுமாகப் போனேன். என் மாமியார் ஒரு வாரம் பேசவில்லை" என்றார். மாமியார்கள் எல்லா ஊரிலும் மாமியார்கள்தான் போலிருக்கிறது.

1973 கடைசியில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தது. நவம்பர் 4-ந் தேதி முதல் சில மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. காலியான நெடுஞ்சாலையில் ஜனங்கள் ஸ்கேட்டிங் போனார்கள். ஊர் எப்படி இருக்க முடியும் என்று எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். 1975-ல் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கென்று தனிச் சங்கம் ஏற்பட்டது. வீட்டுத் தெருக்களில் கார் நடை வேகத்தில்தான் போக வேண்டும், பிள்ளை விளையாட உரிமை உண்டு என்று 1976-ல் சட்டம் வந்தது. 1970-களின் பிற்பகுதியில் ஆயிரக்கணக்கானவர்கள் மியூசியத்துக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் சைக்கிளோடு தரையில் படுத்துப் போராடினார்கள். செங்கல் நிறப் பாதைகள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. அதனால் நான் ஓட்டிய ரோடு ஏதோ பூர்வீக சொத்து என்று நினைக்க வேண்டாம். அதைக் கேட்டு வாங்கியவர்களில் பலர் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்.

இப்படித் தெருவை அடைத்த பிள்ளைகளில் பெயர்பெற்றவர்கள் 'டெ பைப்' என்ற பேட்டைப் பிள்ளைகள். 1972-ல் அவர்களைப் பற்றி டெலிவிஷன் படமே எடுத்தார்கள். அந்தப் பேட்டையில்தான் ஆல்பர்ட் கைப் சந்தை. நாங்கள் வாரம் ஒருமுறை காய்கறிக்குப் போனது அங்கேதான். எடுத்த எடுப்பில் அடுப்பிலிருந்து வந்த பாகு வாஃபிள் வாசனை மூக்கைத் துளைக்கும். சற்றுத் தள்ளி பச்சை மீன் கடை. மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும். ஆனால் வெண்டைக்காய், பாகற்காய், காராமணிக்காய் எல்லாம் கிடைக்கிறது! விற்ற அம்மாள் நம் ஊர் முகம். சுரினாம் என்ற நாட்டிலிருந்து வந்தவர். 1873-லிருந்து வட இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுபோனவர்களின் வம்சம். 1975-ல் சுரினாம் சுதந்திரம் அடைந்த சமயத்தில் ஏராளமானவர்கள் ஹாலந்துக்கு வந்துவிட்டார்கள். நம் காராமணிக்காய்க்கு டச்சில் பெயர், காலுறைப் பட்டி! அவர் அம்மாவும் நாற்பது வயதுக்கு மேல் ஒரு சமூகக் கூடத்தில்தான் சைக்கிள் பழகினாராம். மொராக்கோ, துருக்கி, ஆப்பிரிக்கப் பெண்களுக்கெல்லாம் அங்கே இப்படி வகுப்பு நடக்கிறது. தனியாக டாக்டரிடம் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, ஒரு வேலைக்குப் போக அந்த ஊரில் சைக்கிள் வேண்டியிருக்கிறது.

இன்னும் சில இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'ரைக்ஸ் மியூசியம்' என்ற மிகப் பெரிய ஓவியக் கூடம். 1885-ல் திறந்த கட்டடம். அதன் வயிற்றுக்குள்ளேயே சைக்கிள் பாதை போகிறது! புதுப்பிப்பதற்காகப் பத்து வருஷம் மூடி, 2013-ல் திறந்தபோது, அந்தப் பாதையை எடுத்துவிட வேண்டும் என்று ஒரு பக்கம், கூடாது என்று சைக்கிள்காரர்கள் ஒரு பக்கம். சைக்கிள்தான் ஜெயித்தது. வளைவுக்கடியில் ஒருவர் வயலின் வாசிக்க, இரண்டு பக்கமும் கண்ணாடி வழியாக மியூசியம் தெரிய, பெல் அடித்துக்கொண்டு போனேன். சென்ட்ரல் ஸ்டேஷன் வாசலில் தண்ணீருக்கு அடியில் 7,000 சைக்கிள் நிறுத்துகிற ஸ்டாண்ட். 2023 ஜனவரியில் 6 கோடி யூரோ செலவில் திறந்தது. முதல் 24 மணி நேரம் இலவசம். நம் ஊர் பஸ் ஸ்டாண்ட் சைக்கிள் டோக்கன் ஞாபகத்துக்கு வந்தது. ஸ்டேஷனுக்குப் பின்னால் ஆற்றைக் கடக்கப் படகு. சைக்கிளோடு ஏறலாம், டிக்கெட்டே கிடையாது. வெயில் அடித்த ஒரு மாலையில் காரணமே இல்லாமல் அக்கரைக்கும் இக்கரைக்கும் நாலு தடவை போய் வந்தோம்.

ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்கு முன்கூட்டியே இணையத்தில் டிக்கெட் வாங்கிவைத்திருந்தார் தங்கை வீட்டுக்காரர். பிரின்சன்ஹ்ராஹ்ட் என்ற கால்வாய் ஓரம், 263-ம் எண். புத்தக அலமாரிக்குப் பின்னால் அந்த வாசல், ஏணி மாதிரிச் செங்குத்தான படி. எல்லாரும் அதைப் பார்த்துக் கண் கலங்கினார்கள். எனக்கு வேறொன்று மனதை அறுத்தது. நாஜிகள் யூதர்களுக்குப் போட்ட தடைகளில், டிராமில் ஏறக்கூடாது என்பது ஒன்று. சைக்கிளை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. 1942 ஜூலையில் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண், கொட்டுகிற மழையில், உடுப்புக்கு மேல் உடுப்பாகப் போட்டுக்கொண்டு அந்த ஒளிவிடத்துக்கு நடந்தே போனாள். ஒரு ஜனத்தை அடைத்துப் போட நினைத்தவனுக்கு, முதலில் சைக்கிளைப் பிடுங்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. வெளியே வந்ததும் பூட்டைத் திறந்து என் வண்டியில் ஏற வெகு நேரம் ஆயிற்று.

எல்லாமே சொர்க்கம் என்று எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அந்த ஊர் சைக்கிள்காரர்களுக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. நீங்கள் படம் எடுக்கப் பாதையில் நின்றால் திட்டு விழும். பருத்த டயர் போட்ட மின்சார சைக்கிளில் விடலைப் பையன்கள் பறக்கிறார்கள். பாட்டிகளுக்கு அவர்களைக் கண்டாலே நடுக்கம். திருட்டு வேறு. வண்டி விலையில் கால் பங்குக்குப் பூட்டு வாங்க வேண்டும், அதுவும் இரண்டு. கால்வாயிலிருந்து வருஷத்துக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள் தூர் வாருகிறார்களாம்! மழைக்கும் காற்றுக்கும் நேரம் காலம் இல்லை. ஹெல்மெட் யாரும் போடுவதில்லை, அது எனக்குச் சம்மதமில்லை. 2023-ல் அந்த நாட்டில் ரோட்டில் இறந்த 684 பேரில் 270 பேர் சைக்கிளில் போனவர்கள். வயதானவர்களே அதிகம்.

684 என்ற எண்ணைத் தங்கை வீட்டுக்காரர் வருத்தமாகத்தான் சொன்னார். அதே வருஷம் நம் தமிழ்நாட்டுக் கணக்கையும் எடுத்துக் காட்டினார். 18,000-க்கும் மேல். நாம் ஜனத்தொகையில் அவர்களைப் போல நாலு மடங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அந்தக் கணக்குப்படி நமக்கு மூவாயிரம் வந்தாலே அதிகம். வீடியோவில் அன்று ராத்திரி மகளோடு பேசும்போது, "சைக்கிளுக்குப் பின் விளக்கு போட்டியாடி?" என்றுதான் முதலில் கேட்டேன்.

ஜூன் மூன்றாவது வாரம் ஊர் திரும்பினேன். வந்த பத்தாம் நாள், என் மகள் படிக்கிற பள்ளிக்கு எதிரில் ஒரு எட்டாம் வகுப்புப் பெண்ணை மினி வேன் தட்டிவிட்டது. நல்லவேளை, கை முறிவோடு போயிற்று. அந்தப் பிள்ளையின் அம்மா, நான், எங்கள் தெருவில் இன்னும் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தோம். நான் ஆம்ஸ்டர்டாம் கதையைச் சொன்னேன். "நாம இசைப்பெட்டிக்கு எங்கே போறது?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் கதை சொன்ன சாயங்காலமே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினோம். பள்ளி வாசலில் இரண்டு வேகத்தடை. காலையிலும் மாலையிலும் ஒரு மணி நேரம் லாரிக்குத் தடை. ரோட்டு ஓரம் கடைக்காரர்கள் வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்துவிட்டு, சைக்கிளுக்கு வெள்ளைக் கோடு போட்ட ஒரு வழி. வீடு வீடாகப் போனதில் 63 கையெழுத்து சேர்ந்தது. கையெழுத்துப் போட மறுத்தவர்கள் எல்லாம் கடைக்காரர்கள் இல்லை. "பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்டவர் எங்கள் தெரு வாத்தியார்.

மனுவை ஒரு திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்தோம். ரசீது எண் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த மாதம் கேட்டால் வேறு இலாகாவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போனால், ரோடு தங்களுடையது இல்லை என்றார்கள். மூன்றாம் முறை போனபோது ஒரு இளைஞர் வந்து டேப் பிடித்து ரோட்டை அளந்துகொண்டு போனார். ஒரு வேகத்தடை போட்டிருக்கிறார்கள், வெள்ளை வர்ணம் அடிக்காமல். இரவில் அதுவே ஆபத்து. அதனால் கையெழுத்து வேட்டை மறுபடி ஆரம்பித்திருக்கிறோம்.

மகளின் பழைய சைக்கிளுக்குச் சீட்டை உயர்த்தி, செயின் கவர் மாற்றி, முன் கூடை போட்டு நானே வைத்துக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துத் தாள் அந்தக் கூடையில்தான் இருக்கிறது. இந்தத் தடவை இதுவரை 91.